முகம் தெரியும் தரை

வீடு கட்டுகிறவனுக்கு எந்த அறைக்கு எந்தத் தரை என்பது பெரிய கேள்விதான். ஆனாலும் அதை வீட்டுக்காரரும் கொத்தனாரும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் பேசி முடித்துவிடலாம் என்று விஜயபுரம் மண்டலம் அல்லிக்குப்பத்துத் தணிகாசலம் நம்பியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதுவரை நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைத்த மனுஷன். தன் காலுக்குக் கீழே இருக்கிற கல்லைப் பற்றி அரசாங்கத்துக்கும் ஒரு கருத்து இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. சம்சாரம் கங்கம்மா மறுபடி வழுக்கி விழக்கூடாது.

போன வருஷம் ரேணிகுண்டாவில் கங்கம்மாவின் தம்பி மோகன்ராஜ் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். ஹாலுக்குக் கண்ணாடி மாதிரி டைல்ஸ். வந்தது குஜராத்திலிருந்து, பெயர் மட்டும் இத்தாலிப் பெயர். அது மோகன்ராஜ் வாயிலேயே நுழையாது. அழுக்காகிவிடும் என்று வீட்டு ஜனமெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. கூடப் பிறந்த அக்காவாயிற்றே என்று கங்கம்மாவை மட்டும் முன்வாசல் வழியாக அழைத்தான். மரியாதை செய்த இடத்திலேயே அவள் இடுப்பெலும்பு முறிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த மோகன்ராஜ் முதலில் குனிந்து பார்த்தது டைல்ஸில் கீறல் விழுந்ததா என்றுதான். திருப்பதி ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

அதனால் தணிகாசலம், அரசாங்கம் பட்டா கொடுத்த மனையில் கட்டிய தன் வீட்டில் ஹால், அடுப்படி, படுக்கை அறை, குளியலறை என்ற பேதம் பார்க்காமல், பாலிஷ் போடாத கடப்பைக் கல்லையே எல்லா இடத்திலும் பதித்துவிட்டார். மோகன்ராஜ் வந்து பார்த்தான். மூக்கைச் சுளித்தான்.

"இன்னா மாமா, ஹால்ல கெணத்தடி கல்லைப் போட்டு வெச்சிக்கிற. நாலு பேரு வந்தா ஒரு போட்டோ புடிக்க முடியுமா?"

"உங்கக்காவால நடக்க முடியுது. எனக்கு அது போதும்."

நியாயமான பதில்தான். ஆனால் அந்த மாதம்தான் திருப்பதியில் 'கிராமிய இல்லத் தள மேம்பாட்டு இயக்ககம்' உதயமாகியிருந்தது. 'நாட்டின் முன்னேற்றம் தரையிலிருந்தே தொடங்குகிறது' என்று அதன் முதல் சுற்றறிக்கை பிரகடனம் செய்தது. கூடவே ஓர் அட்டவணை. ஹாலுக்குப் பளபளப்பான டைல்ஸ். படுக்கை அறைக்கு மரம் மாதிரி இருக்கிற, மரமல்லாத டைல்ஸ். குளியலறைக்குக் கூழாங்கல் மாதிரி இருக்கிற, கூழாங்கல் அல்லாத டைல்ஸ். எது எதுவாக இருக்கிறதோ அது அதுவாக இருக்கக்கூடாது என்பதுதான் மேற்படி அட்டவணையின் சாரம்.

அட்டவணையோடும் ஒரு டேப்லட்டோடும் யஸ்வந்த் வந்து சேர்ந்தான். இன்ஜினியரிங் படித்த பையன், இயக்ககத்தின் கள அலுவலர். தாய்மொழி தெலுங்கு, பேச்சு பாதி தமிழ்; 'இல்லையா' என்பதற்குக் 'கதா', பெரியம்மாவுக்குப் 'பெத்தம்மா'.

"ஹால்ல மொதல்ல ஆரம்பிக்கலாம் அன்னா. ஹால்னா தரையில முகம் தெரியணும்."

"யாரு மொகம்?"

"வீட்ல இருக்கறவங்க முகம். நடுவுல நின்னு கீழ பாக்கணும். தரையில விழற முகத்தை டேப்லட் ஸ்கேன் பண்ணும். மேட்ச் ஆனா வீட்ல ஆள் இருக்குது. ஆவலன்னா வீடு காலி."

"நான்தான் இங்க நின்னுக்கினு இருக்கறனே நைனா."

"அது எனக்குத் தெரியும். சர்வருக்குத் தெரியணும் கதா."

"அப்போ மூஞ்சிய நேரா போட்டோ புடிச்சிக்கோ."

யஸ்வந்த் பொறுமையாகச் சிரித்தான். "நேரா புடிச்சா நீங்க இருக்கறதுதான் தெரியும். தரை இருக்கறது எப்படித் தெரியும்?"

தணிகாசலம் குனிந்தார். கடப்பைக் கல் கறுப்பாகக் கிடந்தது. 'மனித நடமாட்டம் இல்லை' என்று டேப்லட் அறிவித்தது. கங்கம்மா அடுப்படியிலிருந்து சுவரைப் பிடித்தபடி காபி கொண்டுவந்தாள். மனித நடமாட்டம் இல்லாத அந்த வீட்டில் யஸ்வந்த் காபி குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

"காலி வீட்டுக்கு மூணு வாரம் டைம் அன்னா. அப்புறம் பட்டா கேன்சல். லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

கங்கம்மா யோசித்தாள். "ஒரு கொடம் தண்ணி ஊத்தினா மூஞ்சி தெரியாதா?"

ஊற்றினார்கள். தணிகாசலம் குனிந்தார். தெள்ளத் தெளிவாக முகம் தெரிந்தது. டேப்லட்டில் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. யஸ்வந்துக்கு முகம் வெளுத்தது.

"தொடச்சிடுங்க அன்னா, சீக்கிரம்."

"ஏன், மூஞ்சி தெரியலியா?"

"தெரிஞ்சுது. ஆனா ஹாலை குளம்னு எடுத்துக்கினு இருக்குது. குளத்துல வீடு கட்டிக்கினதுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ரெடியாவுது."

முப்பது வருஷ தாம்பத்தியத்தில் முதல் தடவையாகத் தணிகாசலம் தரை துடைத்தார். நல்ல காலம், நோட்டீஸ் போவதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. ஏழைபாழைகளுக்கு இந்தக் காலத்தில் உண்மையாக உதவுவது அது ஒன்றுதான்.

வேறு வழியில்லை. விதைக்கு வைத்திருந்த வேர்க்கடலையை விற்று, ஹால் கல்லைப் பெயர்த்தெடுத்து, மோகன்ராஜ் காட்டிய டைல்ஸையே பதித்தார். கங்கம்மா நடக்கட்டும் என்று கட்டிய வீட்டில் கங்கம்மாவுக்கு மட்டும் நடக்க இடமில்லாமல் போனது. படுக்கை அறையிலிருந்து அடுப்படிக்குப் போக, அவள் வெளியே இறங்கி, வெயிலில் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. அதே தரையில்தான் தன் மீசை நரைத்திருப்பதையும் பார்த்தார். மறுநாள் புத்தூர் போய் மை வாங்கி வந்தார். வயிற்றெரிச்சலும் மீசை மையும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

யஸ்வந்த் மறுபடி வந்தான். தணிகாசலம் முகம் மேட்ச் ஆனது.

"நீங்க ஓகே அன்னா. இப்போ பெத்தம்மா வரணும். பட்டா அவங்க பேர்ல கதா."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"மொதல்ல தரை சரியில்ல. சரியில்லாத தரைக்கு அவங்கள எதுக்கு சிரமப்படுத்தணும்?"

ஹால் நடுவில் பிடிக்கச் சுவர் இல்லை. பக்கத்தில் யாரும் தாங்கக்கூடாது. இரண்டு முகம் விழுந்தால் சர்வர் குழம்பிவிடும். கங்கம்மா வாசற்படியில் நின்று அந்தப் பளபளப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகி, மெல்லக் கீழே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி நகர்ந்து நகர்ந்து நடு ஹாலுக்குப் போனாள். தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவமானமாக இருந்தது, அவளுக்காகவா, தனக்காகவா என்று அவருக்கே புரியவில்லை.

டேப்லட் மணி அடித்தது. 'கங்கம்மா. வயது பதினொரு மாதம். தவழும் பருவம். வளர்ச்சி நன்று.'

"ஆதார்ல அம்பத்திரெண்டு இருக்குதே நைனா," என்றாள் கங்கம்மா கீழே இருந்தபடி.

"ஆதார் பழசு பெத்தம்மா. இது லைவ்."

இடுப்பு வலியோடு அவள் பத்து நாள் படுத்துக் கிடந்தாள். நான்காம் நாள் இயக்ககத்தின் 'மழலையர் தள நலத் திட்ட'த்தில் ஒரு பை வந்தது. அதில் முப்பது முட்டை, பால் பவுடர், சத்துமாவு, ஒரு கிலுகிலுப்பை. தணிகாசலம் முட்டையை அவித்து அவளுக்கு இரண்டு கொடுத்து, மீதியைத் துன்னுக்கினே அரசாங்கத்தைத் திட்டினார். முதல் முட்டையில் திட்டு காரமாக இருந்தது. மூன்றாவதில் குறைந்தது. ஐந்தாவதில் யஸ்வந்துக்குப் போன் போட்டார்.

"நைனா, நானும் ஒக்காந்து நகந்தா இன்னா வயசு காட்டும்?"

விஷயம் தெருவுக்குப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. மூன்று மாதத்துக்குள் அல்லிக்குப்பத்தின் நாற்பத்தாறு வீட்டு ஹாலும் பளபளத்தது. சர்வே அன்றைக்குப் பெரியவர் சின்னவர் அத்தனை பேரும் தவழ்ந்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் சடகோபன் மட்டும், மானம் மரியாதை முக்கியம் என்று ஒரு வாரம் நிமிர்ந்து நின்றார். எட்டாம் நாள் தவழ்ந்து முடித்து, தானும் தன் சம்சாரமும் இரட்டைக் குழந்தைக் கணக்கில் வருவோமா என்று விசாரித்தார். ஊரே முட்டை துன்னு கிலுகிலுப்பையைச் சன்னலில் கட்டித் தொங்கவிட்டது. கிலுகிலுப்பை இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று பேச்சும் வந்தது.

பிறகு இயக்ககத்தின் கடிதம் வந்தது. 'அல்லிக்குப்பத்தில் பதினெட்டு வயது நிரம்பிய எவரும் இல்லாமை கள ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. மைனர்கள் தாமாக வீட்டை நிர்வகிக்க இயலாது. ஆகவே தகுந்த கார்டியன் கையெழுத்திடும் வரை நாற்பத்தாறு பட்டாக்களும் ரத்தாகி, வீடுகள் இயக்ககத்தின் அன்பான அரவணைப்பில் இருந்துவரும்.'

வீட்டுக்கு ஒருவராக ஊர் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனது; பட்டா தன் பேரில் என்பதால் தணிகாசலத்தோடு கங்கம்மாவும் போனாள். கேள்வி மேல் கேள்வி கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைத்துவிடுவது என்று வழியெல்லாம் சபதம். புத்தூர் தாண்டும்போது சடகோபன் ஒரு மனுவே எழுதி முடித்துவிட்டார்.

இயக்ககத்தின் ஹால் பெரியது. தரை பளபளவென்று இருந்தது. உள்ளே கால் வைத்ததும், மேலே இருந்த கேமரா ஒரு தடவை மணி அடித்தது. தணிகாசலத்தின் முட்டி தானாக மடங்கியது. பக்கத்தில் சடகோபன் மனுவை மடியில் செருகிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே ஊர் முழுக்க இறங்கியது. யாரும் சொல்லவில்லை. அப்படிப் பழகிவிட்டிருந்தது.

கங்கம்மாவுக்கு மட்டும் இடுப்பு மடங்கவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

டைரக்டர் வேங்கடாசலம் அறையிலிருந்து வெளியே வந்தார். தரை நிறைய இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிற்கிறவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"இந்தப் பிள்ளைங்களைக் கூட்டிக்கினு வந்தது நீங்களாம்மா?"

கங்கம்மா தரையைப் பார்த்தாள். மை பூசின மீசையோடு புருஷன் கையை ஊன்றிக்கொண்டு குனிந்திருந்தார். சடகோபன் வாத்தியார் முழங்கையால் இடித்து முன்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா சார்," என்றாள். "எல்லாம் என் புள்ளைங்கதான். கையெழுத்து எங்க போடணும்?"

அவள் நாற்பத்தாறு தாளிலும் நின்றபடியே கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கடைசித் தாளை டைரக்டர் வாங்கும்போது, தணிகாசலம் கீழே இருந்தபடி கையைத் தூக்கினார்.

"சார், கார்டியன் வந்துட்டா முட்டைய நிறுத்திட மாட்டீங்களே?"