அம்மை குத்திய கையில் களிமண்

மூட்டைமேல் ஏறி நின்று பேசுகிறவனை நம்பவே கூடாது. நானே ஏறியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பூர்ப் பக்கம் பெரியம்மை என்று பேச்சு வந்ததும், அம்மை குத்துகிறவர் பட்டறைக்கே வந்துவிட்டார். "ஆத்தா கோவிச்சுக்கும்" என்று ஆளாளுக்கு நழுவினார்கள். நான் களிமண் மூட்டைமேல் ஏறி, "ஆத்தாதான்யா இந்த மருந்தையே அனுப்பிச்சிருக்கு!" என்று முழங்கினேன். (அந்தப் பேச்சு எங்கிருந்துதான் வந்ததோ!) எல்லாரும் குத்திக்கொண்டார்கள். கடைசியாக நானும் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

என் மனைவி அஞ்சலை மட்டும் கைக்குழந்தையைக் காட்டவே மாட்டேன் என்றாள். "மொதல்ல உங்க கையில கொப்புளம் கட்டட்டுங்க. அப்பறம் புள்ளைக்குப் பாக்கலாம்."

கொப்புளம் கட்டினால்தான் மருந்து பிடித்தது என்று அர்த்தம். மறுவாரம் அம்மை குத்துகிறவர் அதைச் சோதிக்க வந்தபோது அஞ்சலையும் குழந்தையோடு வந்து நின்றாள். எல்லார் கையிலும் அழகாகக் கொப்புளம் கட்டியிருந்தது. என் கை மட்டும் மொழுமொழுவென்று இருந்தது.

"இவருக்கே ஒண்ணும் ஆவல. எம்புள்ளைய எதுக்குக் குத்தணும்?" என்று அஞ்சலை திரும்பிவிட்டாள். நோய் பக்கத்தில் வந்து நிற்கிறது, என்னால் என் பெண்ணுக்கு மருந்து இல்லாமல் போகப்போகிறது!

"தம்பி, குத்துன எடத்துல என்னா பண்ணீங்க?" என்றார் அவர்.

"ஒண்ணும் பண்ணல சார். எரிஞ்சுது. தொடைச்சிட்டுக் கொஞ்சம் களிமண்ணு பூசினேன்."

சூளையில் சுட்டாலும், கத்தி கிழித்தாலும், குளவி கொட்டினாலும் எங்கள் பட்டறையில் ஈரக் களிமண்தான் வைத்தியம். அன்றும் கை தானாகக் களிமண்ணுக்குப் போய்விட்டது.

"மருந்த வழிச்சிப் போட்டுட்டு மண்ணப் பூசியிருக்கீங்களே! அப்பறம் எப்புடிக் கொப்புளம் கட்டும்? நீட்டுங்க கைய!"

ஊசியைப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது, காயப்போட்டிருந்த பிள்ளையார் பொம்மைகளின்மேல் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்கடியில் ஒரு வரிசைப் பிள்ளையார் சப்பையாகியிருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்த அஞ்சலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தே, இவரப் பாத்தா என் பயமே போயிடுச்சு. மருந்து மேல தப்பில்ல, இந்த மனுசன் மேலதான். புள்ளைக்குக் குத்துங்க சார்!"

குழந்தை ரெண்டு சிணுங்கல் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது.

அந்தப் பெண் வளர்ந்து அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு ஊசி போடும் நாளெல்லாம் அவள் அம்மாவை மட்டும்தான் கூப்பிடுவாள். "அப்பா, நீங்க வூட்டுலயே இருங்க. நர்ஸம்மா கொழந்தையப் பாப்பாங்களா, உங்களத் தூக்குவாங்களா?"