போகிற போக்கில் ஒரு ஞானத்தந்தை

லெசிடெரே கடற்கரையில் மீன் சுடுகிறவளிடம் இளநீர்க்காரர் சொன்னாராம். அவள் என்னிடம் சொன்னாள். மனா எவாரிஸ்தாவின் விடுதிக்குப் போலந்துக்காரன் ஒருவன் வந்து இறங்கினானாம். இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருக்கச் சம்மதித்துவிட்டானாம்.

"முதுகுப் பையைக்கூட இன்னும் இறக்கலையாம், மவுன்," என்று சொல்லிக்கொண்டே மீனைப் புரட்டிப் போட்டாள்.

மனா என்றால் அக்கா, மவுன் என்றால் அண்ணன். இந்தக் குட்டி நாட்டின் தலைநகரான டிலியில் இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டிவிடலாம். நான் பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். குடியிருப்பது எவாரிஸ்தாவின் விடுதிக்குப் பக்கத்து வீடு. அவளுக்கும் அவளுடைய விருந்தாளிகளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது என் தலையெழுத்து. ஆகவே, வதந்தியில் பாதியாவது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ஒரே ஒரு பொய்தான் இருந்தது. பையை இறக்கியிருந்தான்.

வாசகரே, இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'போகிற போக்கு உறவினர்'. உலகமெங்கும் உண்டு என்றாலும் டிலியில் விளைச்சல் சற்று அதிகம். காரணம் எளிது. டிலிக்கென்று டிலிக்கு வருகிறவர்கள் குறைவு. பாலியிலிருந்து விமானத்திலோ, எல்லைக்கு அப்பால் குப்பாங்கிலிருந்து பேருந்திலோ வந்து, புதிதாக ஓர் இந்தோனேசிய விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை மூன்று நாள் சும்மா இருக்கிறவர்கள்தான் பெரும்பாலும். சும்மா இருக்கிற மனிதனுக்கு நெஞ்சம் விரிந்துவிடுகிறது.

இவரை அடையாளம் காண்பது எப்படி? ஆளைவிட உயரமான பை, பையின் பின்னால் ஊசலாடும் செருப்பு, முதல் மணி நேரத்திலேயே தேத்தும் மொழியில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டு மாலைக்குள் அதை மற்ற விருந்தாளிகளுக்கு வகுப்பெடுக்கும் ஆர்வம், பத்தாம் நம்பர் வேனில் நாணயத்தால் கம்பியைத் தட்டி வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டு ஏதோ சாதித்தவர் போல் சுற்றிலும் பார்க்கும் பார்வை, தெருப்பிள்ளைகள் "மலாயே, மலாயே" என்று வெளிநாட்டானைக் கூப்பிடும்போது ஒரு பிள்ளையையும் விடாமல் கையசைக்கும் பொறுமை. இதெல்லாம் வெளித்தோற்றம். நோய் உள்ளே இருக்கிறது. இவருக்கு 'இல்லை' என்ற சொல் வராது.

மீன்காரியிடம், "நாளைக்கும் உங்ககிட்டதான் சாப்பாடு." எர்மேராவில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரிடம், "அறுவடைக்கு வந்து பறிச்சுத் தர்றேன், பாருங்க." வேன் ஓட்டுநரிடம், "உங்க தங்கச்சி கல்யாணமா? நான் வராமலா?" வோய்ட்டெக் என்ற நம் போலந்துக்காரன் இரண்டே நாளில் ஒரு கல்யாணம், இரண்டு அறுவடை, ஒரு கால்பந்துக் குழுவின் பயிற்சி ஆகியவற்றை ஏற்றுக்கொண்டிருந்தான். பொய்யன் என்கிறீர்களா? அபாண்டம். ஒவ்வொன்றையும் மனதாரச் சொன்னான். அதுதான் ஆபத்து. பொய்யனுக்காவது தான் வரமாட்டோம் என்பது தெரியும்.

ஞானத்தந்தை விவகாரம் இப்படித்தான், நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில், இருவரின் அரைகுறை ஆங்கிலத்திலேயே நடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அழுதுகொண்டிருந்த நான்கு மாதக் குழந்தையை எவாரிஸ்தா அவன் மடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். குழந்தை அவன் தாடியைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது.

"அட, உன்கிட்ட அழவே இல்லையே. நீயே இவளுக்கு ஞானத்தகப்பனா இருந்துடேன்," என்றாள் எவாரிஸ்தா.

"நிச்சயமா, மனா."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல ஞானஸ்நானம். இருப்பியா?"

"இருக்கேன்."

"நீ கத்தோலிக்கன்தானே?"

அதற்கும் ஆமாம்தான். அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

போர்த்துக்கீசியர் நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருந்து வேரூன்ற வைத்த வழக்கத்தை, சோறு வேகும் நேரத்தில் இவன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டான். மறுநாள் காலை எவாரிஸ்தாவின் கணவன் அபிலியோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி, 'கும்பாத்ரே' என்று சம்பந்தி முறை கொண்டாட ஆரம்பித்தான். கொல்லையில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஒரு பன்றி வந்து கட்டுண்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அபிலியோவின் அண்ணன் சில்வேரியோவுக்குத் தகவல் போனது. குழந்தை பிறந்த நாளிலிருந்து ஞானத்தந்தை நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். எவாரிஸ்தாவின் சமையலில் உப்பு முதல் கூரையில் தகரம் வரை குறை சொல்பவர். அவரிடமிருந்து தப்ப அவளுக்குக் கிடைத்த ஒரே வழி இந்தத் தாடி.

"ஊர் பேர் தெரியாதவன் என் தம்பி மகளைக் கையில் ஏந்தணுமா?" என்று வாசலில் நின்று கேட்டார் சில்வேரியோ.

"பேர் வோய்ட்டெக். ஊர் போலந்து. வேற என்ன தெரியணும் மவுன்?" என்றாள் எவாரிஸ்தா.

"ஞாயித்துக்கிழமை அவன் இருப்பானான்னு தெரியணும். இல்லைன்னா எல்லார் முன்னாடியும் நீயே வந்து என்னைக் கேட்பே. நீ கேட்டாத்தான் நான் எழுந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் வந்தது. நான் அவனைக் கடற்கரைச் சுவரில் உட்காரவைத்து விஷயத்தை விளக்கினேன்.

"வெள்ளைக் கவுன் நீதான் வாங்கணும். அவ வளந்து முதல் நன்மை வாங்குற சடங்குக்கு வரணும். அவ பள்ளிக்கூடத்துல தோத்தா உன்னைத்தான் கேப்பாங்க. கல்யாணத்துல அவ பக்கத்துல நிக்கணும். அபிலியோ வீட்டுல சாவு விழுந்தா வரணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சாகிற வரைக்கும்."

"யார் சாகிற வரைக்கும்?"

நல்ல கேள்வி. எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

"நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவங்களும் அப்படித்தான்னு நெனச்சேன்," என்றான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"கொல்லையில இருக்கிற பன்றியும் பேச்சுக்குத்தானா? முடியாதுன்னா இன்னிக்கே சொல்லிடு. நான் மொழிபெயர்க்கிறேன்."

போனோம். எவாரிஸ்தா சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். அவள் நிமிர்ந்து சிரித்தாள். அவ்வளவுதான், நோய் முற்றிவிட்டது.

"நாளைக்கு அத்தாவ்ரோ தீவைப் பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை காலையில முதல் படகுல வந்துடறேன், மனா. கண்டிப்பா."

மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்ய?

சனிக்கிழமை போனான். பெரிய பையை விடுதியில் விட்டுப்போனான் என்பது எவாரிஸ்தாவின் ஆறுதல். கடவுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான் என்பது என் கவலை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. கோயில் நிறைந்திருந்தது. ஏழு குழந்தைகளில் ஆறு நனைந்து அழுது முடித்தாயிற்று. முன் வரிசையில் சில்வேரியோ, கல்யாண மாப்பிள்ளை போல் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அமு லிகோரியோ, அதாவது பாதிரியார், தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தார்.

"மனா, ஞானத்தகப்பன் எங்கே?"

"வந்துட்டிருக்கார் அமு."

"எங்கேயிருந்து?"

"பக்கத்துல இருந்துதான்," என்று சொல்லிவிட்டு, குழந்தையை ஒரு கைக்கு மாற்றி மறு கையால் கைபேசியில் அவனுடைய எண்ணை அழுத்தினாள். சில்வேரியோ பாதி எழுந்து, அவள் கேட்காமல் எழுந்திருப்பதில்லை என்ற தம் வாக்கு நினைவுக்கு வந்து, மீண்டும் உட்கார்ந்தார்.

வெளியே ஒரு சேவல் கூவியது.

டிலியில் சேவல் கூவுவது செய்தியல்ல. ஆனால் இந்தச் சேவல் ஒரே சுருதியில், ஒரே இடைவெளியில், எடுத்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி எடுத்தது. நான்கு நாளாக அந்த விடுதியையே தூங்கவிடாமல் அடித்த சேவல். வோய்ட்டெக்கின் கைபேசி மணி. எவாரிஸ்தாவின் முகம் மலர்ந்தது. அமு தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

நான் பக்கவாட்டுக் கதவு வழியே எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு அப்பால், புளியமரத்தின் பின்னால் ஒரு தாடி. உப்புத் தண்ணீரில் நனைந்த கால்சட்டை. இடது கையில் கடைப் பை; அதிலிருந்து வெள்ளை லேஸ் எட்டிப் பார்த்தது. வலது கையில் கூவும் கைபேசி. படகு பிடித்து வந்துவிட்டான், கவுன் வாங்கிவிட்டான், மிச்சம் முப்பது அடிதான். அதை மட்டும் நடக்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் முறுக்கை வாங்கித் தின்றுவிட்டு, "அடுத்த தடவை உங்க ஊர்ப் பக்கம் வந்தா வீட்டுக்கு வராம போகமாட்டேன்" என்று எண் கொடுத்தது யார்? அவர் வீட்டில் மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறார்களாம். திரையில் அவர் பெயர் தெரிந்தபோது கைபேசியைக் கவிழ்த்து வைத்தது யார்? பயப்படாதீர்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்களுக்கும் ஒரு புளியமரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே எவாரிஸ்தா காதிலிருந்து கைபேசியை எடுக்கவே இல்லை. வெளியே சேவல் கூவிக்கொண்டே இருக்கிறது.