மூன்று மேதைகளும் ஒதியம்பட்டும்

"குத்துப்பாட்டு இல்லாத ஆர்கெஸ்ட்ராவா? அத எதுக்குண்ணே நம்ம ஊர்ல வக்கிற?"

டீக்கடையில் ராமு இப்படிக் கேட்டதும் கலைவேந்தனுக்கு உச்சந்தலை எரிந்தது. புதுச்சேரியில் ஓர் இசைப்பள்ளியில் ரசீது போடுகிறவன் அவன். ரசீது போட்டுப் போட்டே சங்கீத ஞானம் வந்துவிட்டதாக நினைப்பு.

அந்தப் பள்ளியின் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழு, மார்கழி தொடங்கிப் பங்குனி வரை மாதம் ஒரு கச்சேரி நடத்தப்போகிறது. கிராமத்தில்தான் வாசிப்பேன் என்று இயக்குநர் எழிலரசனுக்கு ஒரு வீம்பு. முதல் கச்சேரிக்குக் கலைவேந்தன் கூட்டம் சேர்த்துவிட்டால் எல்லாமே அவன் ஊரான ஒதியம்பட்டில். சேராவிட்டால் மிச்சம் மடுகரைக்குப் போய்விடும். மடுகரையில் இருப்பவனோ கலைவேந்தனின் மச்சான் தணிகைவேல். அவன் இப்போதே வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஃபிளெக்ஸில் 'மாபெரும் ஆர்கெஸ்ட்ரா' என்று அடித்ததுதான் வினையாகிவிட்டது. எந்தெந்த சினிமாப் பாட்டு வேண்டும் என்று சொல்ல இளவட்டங்கள் வீடு தேடி வந்தார்கள். ரசனை கெட்டவர்கள் என்று திட்டி விரட்டினான். அவர்கள் கச்சேரி நாளன்று கிரிக்கெட் மேட்ச் வைத்துக்கொண்டார்கள்.

ஃபிளெக்ஸை மாற்றி 'சிம்பொனிப் பருவம்' என்று கட்டினான். மறுநாள் காலையில் இரண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"இந்த சிம்பொனி கம்பெனி மாசச் சீட்டாண்ணே, வாரச் சீட்டா? போன தபா ஒருத்தன் ஏமாத்திட்டு ஓடிட்டான்."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று மனைவி ஜெயசித்ராவிடம் குமுறினான்.

"அப்ப கழுதைய எதுக்குங்க வெத்தல பாக்கு வச்சிக் கூப்புடறீங்க?" என்றாள் அவள்.

எழுத்தே ஆகாத ஊர் என்று முடிவு கட்டி, வில்லியனூர் ஃபிளெக்ஸ் கடைக்கு மூன்றாவது முறையாகப் போனான். கச்சேரியில் வாசிக்கப்போகும் இசையை எழுதிய மூன்று வெள்ளைக்கார மேதைகளின் படங்களைக் கொடுத்தான்.

"மேல இன்னா சார் போடட்டும்?"

"ஒண்ணும் போடாத. மொகத்தப் பாத்தாலே கையெடுத்துக் கும்புடணும்."

"பேருக்குக் கீழ இந்த வருசமெல்லாம்?"

"போடு, போடு. எந்தக் காலத்து ஆளுங்கன்னு தெரியட்டும்."

"கலரு?"

"கறுப்பு. அதான் டீசன்ட்டு. கீழ நாள், நேரம், மாதா கோயில் கூடம். அவ்வளவுதான்."

கச்சேரியன்று பிற்பகல் கலைவேந்தனால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கூடம் பிதுங்கி வழிந்தது. கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு இளவட்டங்கள் வந்திருந்தார்கள். ராமு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். கறுப்புக் கோட்டுடன் இசைக்குழு ஏறியதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

வயலின்கள் மெதுவாக இழைந்தன. ஒருவரும் கை தட்டவில்லை. நகரத்துக் கனவான்கள் வாத்தியம் சற்று ஓய்ந்தாலே முடிந்துவிட்டதென்று தட்டித் தொலைப்பார்கள். இங்கே இருமல் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் காசம்மாள் கிழவி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இடைவேளையில் காபி நீட்டினால் யாரும் தொடவில்லை.

"இப்ப வேணாம் தம்பி, அப்பறமா ஆவட்டும்."

என்ன ஒரு இசைப் பசி என்று கலைவேந்தன் நெகிழ்ந்துபோனான். வேடிக்கை பார்க்க வந்திருந்த தணிகைவேலின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவன் நெஞ்சு குளிர்ந்தது. கற்பூர வாசனை தெரியாத கழுதை மடுகரையில்தான் இருக்கிறது என்று தீர்ப்பும் எழுதிவிட்டான்.

கடைசியில் எழிலரசன் மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ ஊர்ல வாசிச்சிருக்கேன். இப்படியொரு மரியாதைய நான் பார்த்ததே இல்ல. இனிமே வேற ஊருக்குப் போறதா இல்ல. பங்குனி வரைக்கும் எல்லாம் இந்தக் கூடத்துலதான்!"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. காசம்மாள் எழுந்துவந்து கலைவேந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"பங்குனி வரைக்கும் ஐஸ் பெட்டி தாங்காது தம்பி, மூணு வெள்ளக்காரச் சாமியாரையும் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுங்க!"