முட்டைக்குச் சூடு பத்தலை

“என்னங்க, முட்டை என்ன சொல்லுது?”

மனைவி மறுபடியும் கேட்டாள். மாப்பிள்ளை லேப்டாப் பக்கம் குனிந்தார். லேப்டாப்பில் சூடு எத்தனை டிகிரி என்று எண் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு கிடந்தது.

“ஒண்ணும் சொல்லல. வெறும் கோடுதான்.”

மாமனார் கோழிக்குஞ்சுப் பண்ணைக்காரர். கண் டாக்டரிடம் போயிருந்தார், மதியத்துக்குள் வந்துவிடுவார். இத்தனை வருஷம் ஒரு தெர்மாமீட்டரும் தன் உள்ளங்கையும் போதும் என்று இருந்த மனுஷரை, வேலை போய் வீட்டோடு வந்து உட்கார்ந்த மாப்பிள்ளை பேசிப் பேசிக் கரைத்து, முட்டை பொரிக்கும் பெட்டிகளில் ஒரே ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். அதற்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைக் கம்ப்யூட்டர் போர்டு. சூட்டை அதுவே அளக்கும், ஹீட்டரை அதுவே போடும், அதுவே அணைக்கும். இந்த முட்டைகள் ஒழுங்காகப் பொரிந்தால் பண்ணையின் எல்லாப் பெட்டிகளும் மாப்பிள்ளை கைக்கு வரும். பொரியாவிட்டால் மாமனார் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

கைக்கு வந்த சுறுசுறுப்பில் மாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் அதே போல இன்னொரு போர்டை மாட்டி, ஹீட்டர் ஒயர் செருகிய அதே இடத்தில் மோட்டார் ஒயரைச் செருகி, “இனிமே சுவிட்ச் எதுக்கு அத்தை?” என்று பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்திருந்தார். ரெண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வேறு வேறாக வைக்கச் சோம்பல். ரெண்டிலும் மாமனார் படிக்கத் தமிழில் எழுதிக் காட்டும் குட்டித் திரை உண்டு. முட்டைப் பெட்டியின் திரையைப் பெட்டிக்கு உள்ளேயே வைத்துவிட்டார் என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கரண்ட் வந்து எழுந்ததும் போர்டுகள் வைஃபைப் பெட்டியிடம் ஆளுக்கொரு எண் வாங்கிக்கொள்ளும், முதலில் எழுந்ததற்கு முதல் எண். அந்த எண்ணைத் தட்டினால் அறையில் உட்கார்ந்தபடியே போர்டோடு பேசலாம்.

இன்று விடிந்ததும் கரண்ட் போய் வந்தது. அதற்கப்புறம்தான் இந்தக் கோடு.

“கதவைத் திறந்து பாத்துட்டா என்ன?”

“ஐயையோ! பொரியுற நேரத்துல திறந்தா ஈரம் போயிடும், குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிட்டுச் செத்துடும்னு உங்கப்பா படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

மாப்பிள்ளை போர்டில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்திவிட்டுப் படபடவென்று தட்டினார். சென்சாரோடு பேசுகிற மாட்யூலைக் காணவில்லை என்றது போர்டு. அவருக்குச் சுருக்கென்றது. போர்டின் மூளை கர்னல் என்றால், சென்சாரோடு பேச அதற்கு இருக்கிற வாய் இந்த மாட்யூல். ஏதோ அப்டேட் வந்து கர்னல் மாறியிருக்கிறது, பழைய மாட்யூல் போய்விட்டது. வேறு என்ன இருக்க முடியும்?

“புதுசா கட்டிடறேன். கொஞ்ச நேர வேலை.”

மாமியார் வாசலில் நின்றார். முகமெல்லாம் சோப்பு நுரை, கண்கள் இறுக மூடியிருந்தன.

“மாப்ள, குழாயில தண்ணி வரல!”

“அத்தை, ஒரு நேரத்துல ஒரு வேலைதான். முதல்ல முட்டை.”

மாமியார் சுவரைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

மாட்யூல் கட்டும் வேலை ஓட ஆரம்பித்தது. சின்னப் போர்டு, சின்ன மூச்சு. பாதியில் மெமரி போதவில்லை என்று செத்தது. வேகமாக ஓடட்டும் என்று எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் ஏற்றினார். இன்னும் சீக்கிரமாகச் செத்தது. இடம் வேண்டும் என்று வேண்டாத கோப்புகளை அழித்தார். எது வேண்டாதது என்று பார்க்க நேரமில்லாததால் கொஞ்சம் வேண்டியதும் போயிற்று. ஒருவழியாகக் கட்டி முடித்து ஏற்றினால், ‘பதிப்பு பொருந்தவில்லை’ என்று போர்டு கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் ஓர் எண், ஒரே ஓர் எண் வித்தியாசம்.

“சூடு இறங்கிக்கிட்டே இருக்குமேங்க,” என்றாள் மனைவி. அப்பாவிடம் புருஷனுக்காக வாதாடியவள் அவள்தான்.

மாப்பிள்ளை அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீபோர்டுக்குத் திரும்பினார். முட்டைக்கான புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். சூட்டின் எண் வராவிட்டால், சூடு பத்தவில்லை என்றே வைத்துக்கொண்டு ஹீட்டரைப் போட்டு வை. முழு புரோகிராமையும் புதிதாக போர்டுக்கு அனுப்பினார்.

“போய்ப் பெட்டிமேல சிவப்பு லைட் எரியுதா பாரு!”

அவள் ஓடினாள். “எரியுதுங்க!”

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். அதே நேரம் மாடியில் மோட்டார் உர்ரென்று உறுமிக் கிளம்பியது.

“தண்ணி வருது மாப்ள!” என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார் மாமியார். அன்றைக்கு அந்த வீட்டில் அதுவரை நிலவிய ஒரே சந்தோஷம் அதுதான்.

“லைட் அணைஞ்சிடுச்சுங்க!”

“என்னது?”

“எப்பவும் அது எரிஞ்சு எரிஞ்சு அணையறதுதானே?” என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார் மாமியார்.

“அத்தை, நிறுத்தாம எரியணும்னு நான் சொல்லியிருக்கேன். அணைஞ்சா ஹீட்டர் போச்சுன்னு அர்த்தம்!”

“நிறுத்தாம எரிஞ்சா முட்டை வெந்துடாதா?”

மாப்பிள்ளை கணக்குப் போட்டார். எரிந்தால் வெந்துபோகும், எரியாவிட்டால் குளிர்ந்துபோகும். சரியான மாட்யூலைக் கட்டினால்தான் தப்பிக்கலாம். கர்னலின் சரியான பதிப்பைத் தேடி இறக்கி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஊர்ந்தன.

மாடியில் மோட்டார் நிற்கவில்லை.

முதலில் தொட்டி வழிந்தது. பிறகு தண்ணீர் படியில் இறங்கியது. பிறகு முட்டை அறைச் சுவரில் கோடு கோடாக வழிந்து, பெட்டியின் பிளக்கை நோக்கி வந்தது. மாமியார் துடைப்பத்தோடு பாய்ந்தார். மனைவி இருக்கிற துண்டையெல்லாம் சுவரோரம் அடைத்தாள்.

“மோட்டாரை நிறுத்துங்க!”

“சுவிட்ச் எங்கடி இருக்கு? அதான் கழட்டிட்டாரே!”

“அப்ப மெயினை அணைச்சிடலாமா?”

“மெயினை அணைச்சா பெட்டியும் அணையும்!” மாப்பிள்ளை அலறினார். “பிளம்பரைக் கூப்பிடு. மேல போய் மோட்டார் ஒயரைப் பிடுங்கட்டும்!”

“நீங்க போய்ப் பிடுங்கக் கூடாதா?”

“இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இப்ப விட்டா எல்லாம் போச்சு!”

பிளம்பர் வந்தான். முழங்கால்வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்காமல் படியேறினான்.

தண்ணீர் பிளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது, மாட்யூல் கட்டி முடிந்தது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். திட்டவில்லை, மூஞ்சியைத் திருப்பவில்லை. போர்டு ஏற்றுக்கொண்டது.

“ஏத்துக்கிச்சு! ஏத்துக்கிச்சு!”

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். முட்டைப் பெட்டிக் கதவில் காதை வைத்தார். மனைவியும் வைத்தாள். மாமியார் துடைப்பத்தை நிறுத்தினார். மாடியில் மோட்டாரும் சட்டென்று அடங்கியது.

உள்ளே, ஊசி குத்துவது போல ஒரு ‘கீச்’.

அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு.

மனைவி அழுதுவிட்டாள். மாப்பிள்ளையும் அழுதார், ஆனால் மூக்கைத் துடைப்பது போலச் சமாளித்தார்.

வாசலில் செருப்பு சளக் சளக்கென்றது. மாமனார். கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்ததால் பாதிதான் தெரிந்தது, ஆனால் காது முழுசாகக் கேட்டது. தண்ணீரில் நடந்து வந்து பெட்டியருகே நின்றார்.

“என்னடி இது வெள்ளக்காடு?”

மாமியார் மூச்சுவிடாமல் சொன்னார். கர்னல் போனது, மாட்யூல் போனது, ஹீட்டர் போனது, மாப்பிள்ளை இடத்தைவிட்டு அசையாமல் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி முட்டைகளைக் காப்பாற்றியது. மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தட்டுத் தடுமாறி மாப்பிள்ளையின் தோளைத் தேடிப் பிடித்தார். அந்தக் கை அவர் தோளில் விழுவது இதுதான் முதல் தடவை.

“நான் தப்பா நினைச்சிருந்தேன் மாப்ள. மனசுல வச்சுக்காதீங்க. நீங்க இல்லேன்னா இன்னைக்கு ஒரு குஞ்சு தேறியிருக்காது. நாளையிலேர்ந்து எல்லாப் பெட்டியும் உங்க பொறுப்பு.”

மாப்பிள்ளை மூக்கை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா,” என்றார், நிறைய இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படியாக.

படியில் ஈரக் காலடி கேட்டது. தலையிலிருந்து சொட்டச் சொட்ட பிளம்பர் வந்து நின்றான்.

“ஒயரைப் பிடுங்கிட்டேன் சார். ஆனா ஒரு சந்தேகம். மோட்டார் பெட்டிக்குள்ள ஒரு குட்டி ஸ்கிரீன் இருக்குல்ல, அதுல ‘முட்டைக்குச் சூடு பத்தலை, ஹீட்டரைப் போட்டிருக்கேன்’னு எழுதிக்கிட்டே இருக்கு... தண்ணித் தொட்டியில யாரு சார் முட்டை வச்சது?”