ஒன்பதாவது நிமிடம்

ரீவியின் றிமோட்டை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுச் சிமியோன் நிமிர்ந்தபோது, மகள் றொசாந்தி குசினி வாசலில் நின்றாள்.

"அப்பா, றிமோட்டைக் கண்டனீங்களோ? அண்ணாவியார் ஆறரைக்குப் படம் பார்க்க வாறார்."

"நான் காணேல்லை. வேறை ஏதும் போடன் பிள்ளை, ஒரு சண்டைப் படம்."

"நத்தாருக்கோ? உந்தப் படம்தான் போடுவன்."

அது கிறிஸ்து பிறப்பைப் பற்றிய பன்னிரண்டு நிமிடக் கார்ட்டூன். பேச்சே கிடையாது. கம்பளியைக் கத்தரித்துக் கொடுத்துவிட்ட ஓர் ஆட்டுக்குட்டி, பனிக்குள் நடுங்கிக்கொண்டு தனியே நடக்கிறது. மற்ற ஆடுகள் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. கடைசி ஆளாய்க் குடிலுக்குள் எட்டிப் பார்த்தால், பாலன் யேசு சுகமாய்த் தூங்குகிறார். போர்த்தியிருப்பது அந்தக் குட்டியின் கம்பளி. அப்போது அதன் கண்ணில் ஒரு பெருமை வருமே! அந்தப் படத்தைக் கீறிய கை நூறு வயது வாழவேண்டும். அது ஒன்பதாவது நிமிடம். இந்த மார்கழியில் சிமியோன் ஆறு தரம் பார்த்துவிட்டார். ஆறு தரமும் அந்த இடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வேறு யார் வந்தாலும் அழுதுவிட்டுப் போகலாம். வருகிறவர் கிறிஸ்ரோபர் அண்ணாவியார், குருநகரில் கூத்துப் பழக்குகிறவர். யாருக்கு எந்த வேசம் என்பது அவர் வாயில் இருக்கிறது. சிமியோன் இருபது வருடமாக ஈட்டி பிடிக்கும் சேவகன். ராசா வேசம் போட்டவர் கனடாவுக்குப் போய்விட்டதால் கிரீடம் காலி. கார்ட்டூனுக்கு அழுகிறவன் தலையில் யார் கிரீடம் வைப்பார்கள்?

றிமோட் இல்லையென்றதும் றொசாந்தி தன் மாமன் லெனாட்டுக்கு ஃபோன் போட்டாள். அவர் எங்கேயோ ஒரு புறொஜெக்ரரை இரவல் வாங்கி வந்து, முற்றத்தில் வெள்ளைச் சீலை கட்டினார். சீலையைக் கண்ட ஒழுங்கைச் சனம் முழுவதும் உட்காரக் கதிரையோடு வந்து சேர்ந்தது.

"லைற்றை நிப்பாட்டு மச்சான்," என்றார் சிமியோன். இருட்டில் அழுதால் யாருக்குத் தெரியப் போகிறது?

லைற் அணைந்தது. ஆனால் படம் முழுக்கப் பனி. சீலையிலிருந்து அடித்த வெள்ளை வெளிச்சத்தில் சிமியோனின் மீசையில் நரைத்த மயிரைக்கூட எண்ணலாம். போதாக்குறைக்கு அண்ணாவியாரின் கதிரை அவருக்குப் பக்கத்திலேயே.

ஐந்தாவது நிமிடத்தில் சிமியோன் எழுந்து ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மடியில் சுளகு நிறைய வெங்காயம், கையில் கத்தி.

மனைவி சிசிலியா வாயைப் பிளந்தாள். "இஞ்சாருங்கோ, இருபத்தைஞ்சு வருசத்திலை ஒரு உள்ளிகூட உரிச்சுத் தரேல்லை! இண்டைக்கு என்ன வந்தது?"

"நத்தாரெல்லே. பேசாமல் படத்தைப் பார்."

ஒன்பதாவது நிமிடம் வந்தது. குட்டி எட்டிப் பார்த்தது. முற்றத்தில் முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது. சிமியோனின் கண்ணீர் தாடையால் வழிந்து வெங்காயத்தில் சொட்டியது.

அண்ணாவியார் ஆவலாய்க் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன சிமியோன், அழுறியோ?"

"சீச்சீ! வெங்காயம், அண்ணாவியார்."

"அப்பா..." என்று றொசாந்தி பதறினாள்.

"நீ சும்மா இரு. கார்ட்டூனுக்கு நான் அழுறதோ? ஆட்டுக்குட்டியைக் கண்டால் எனக்குக் கறிதான் ஞாபகம் வரும்!"

"இல்லை அண்ணாவியார், இவர் ஆறு தரம்..." என்று தொடங்கிய சிசிலியாவின் கையில் ஒரு வெங்காயத்தைத் திணித்தார் சிமியோன்.

படம் முடிந்து லைற் எரிந்தது. கண் சிவந்திருந்தாலும் மானம் தப்பியதே என்று சிமியோன் ஒரு ராசாவைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணாவியார் சால்வையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அருமையான படம், றொசாந்தி. ஆனால் நீ சொன்னதுதான் பிழைச்சுப் போச்சு."

"என்ன சொன்னவள்?" என்றார் சிமியோன்.

"வாற கூத்திலை ராசா மகனைப் பறிகுடுத்திட்டு அழவேணும். 'எங்கடை அப்பா ஒரு கார்ட்டூனுக்கே அழுவார், வந்து பாருங்கோ' எண்டு உன்ரை மகள் கூப்பிட்டுத்தான் வந்தனான். மேடையிலை வெங்காயத்துக்கு நான் எங்கை போறது?"