எங்கள் கட்சியைத் திட்டியதற்கு எங்கள் கட்சி தட்டிய மேஜை

அன்ஸ் கலே கடற்கரையில் மீன் வெட்டி விற்கும் என் அருமை அக்கா வெர்னெத்தாவுக்கு, தலைநகரிலிருந்து உன் தம்பி, மாண்புமிகு உறுப்பினர் கெர்வின் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது, தலைதான் சரியில்லை. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். அதனால்தான் எழுதி, நம் ஊர் மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் விஷயம், ஞாயிற்றுக்கிழமை எனக்காக அண்டா ஏற்ற வேண்டாம். ரேடியோவில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, சீமைப்பலாவும் வாழைக்காயும் போட்டு ஊருக்கே மீன் சாறு, நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சங்கு ஊதி வரவேற்பு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது என்றெல்லாம் ஏற்பாடு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். யாரும் என்னைத் தூக்க வேண்டாம். நடந்தது என்ன என்று தெரிந்தால் தூக்கி நேராகக் கடலில் போட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சபையில் தேசிய சுற்றுலாக் கொள்கை விவாதம். கொண்டுவந்தது நம் அரசாங்கம்தான். அதன்படி நம் கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறது, இந்த மாதக் கடைசிக்குள் படகு ஒன்றுகூட மணலில் இருக்கக்கூடாது, படகை இழந்தவர்களுக்கு "மாற்று வாழ்வாதாரம்", அதாவது வெள்ளைக்காரர்கள் குளித்துத் துடைத்த துண்டை மடிக்கிற வேலை. முந்தின நாளே கொறடா ஒனோரேயிடம் போய், "சார், படகுகளுக்கு ஒரு மூலையாவது விடச் சொல்லிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டு, "தம்பி, நீ முதல் தடவை ஜெயிச்சு வந்தவன். உனக்குக் கருத்தெல்லாம் இன்னும் கிடையாது, உரை மட்டும்தான். ஆபீஸ்ல டைப் பண்ணித் தருவாங்க. சத்தமா வாசி. மூச்சு வாங்குற இடத்துல நிறுத்து, நாங்க மேஜையைத் தட்டுவோம். அவ்வளவுதான் ஜனநாயகம்"னு சொன்னார். நானும் சரின்னுட்டேன். ஏன் சரின்னே என்று கேட்காதே, இங்கே எல்லாரும் சரின்னுதான் சொல்றாங்க, வேற வார்த்தை காதிலேயே விழுறதில்லை.

என் முறை வந்தது. டைப்பிஸ்ட் மிஸ் ஓந்தீன் கொடுத்த தாளை அப்போதுதான் பிரிக்கிறேன். "சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பித்து, "இந்தக் கொள்கை கடலை நம்பிப் பிழைக்கிறவன் வயிற்றில் அடிக்கிற கொள்கை" என்று வாசித்தேன். எனக்கே திக்கென்றது. நிறுத்தினேன். நிறுத்தினதும் நம்ம பக்கம் மொத்தமும் மேஜையைத் தட்டிடுச்சு, டமடமடமன்னு. சரி, இது ஏதோ பெரிய தந்திரம்போல, முதலில் திட்டிவிட்டுக் கடைசியில் பாராட்டுவார்கள் போலன்னு நினைச்சு மேலே படிச்சேன். "மணலை விற்கிறவன் நாளைக்கு அலையையும் விற்பான்"னு இருந்தது, டமடமடம. "இதைக் கொண்டுவந்த மந்திரிக்கு மீன் எது, மீன் முள் எது என்று தெரியுமா?"ன்னு இருந்தது. அந்த மந்திரியே எனக்கு முன்வரிசையில உட்கார்ந்து ஒரு கையில ஃபோன் பார்த்துக்கிட்டு இன்னொரு கையால மேஜையைத் தட்டுறார் அக்கா! எதிர்க்கட்சிக்காரங்க சும்மா இருப்பாங்களா, நாங்க எழுந்தாலே ஊளையிடுறது அவங்க வழக்கம். "உட்காருடா மீன்கூடை!" "பேசத் தெரியலைன்னா வலை பின்னப் போ!"ன்னு கத்துறாங்க. நான் பேசுறது அவங்க பேச வேண்டியது, ஆனா அது அவங்களுக்கும் தெரியல. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, "இது முழுக்க முழுக்க நல்ல கொள்கை, இதைக் குறை சொல்ல இந்தப் பொடியனுக்கு என்ன தகுதி?"ன்னு மேஜையில குத்தினார். பக்கத்துல இருந்தவர் அவர் கோட்டைப் பிடிச்சு இழுத்துக் காதுல என்னவோ சொன்னார். "மன்னிக்கவும், கேடுகெட்ட கொள்கை"ன்னுட்டு உட்கார்ந்தார். அதுக்கும் ரெண்டு பக்கமும் தட்டினாங்க.

இதுல ஒரு விஷயம் உனக்கு மட்டும் சொல்றேன். படிக்கப் படிக்க எனக்கு நெஜமாவே கோபம் வந்துடுச்சு. அந்தத் தாள்ல இருந்தது முழுக்க நம்ம கதை. நீ விடிகாலையில தலையில கூடையோட நிக்கிறது, அத்தான் படகைக் கரையேத்த ஊரே சேர்ந்து கயித்தை இழுக்கிறது எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்தது. கடைசிப் பக்கத்துல தாளைப் பார்க்காமலே, "எங்க மணலைத் தொட்டா எங்க பிணத்தைத் தாண்டித்தான் தொடணும்"னு கத்தினேன். அது மட்டும்தான் என் சொந்த வரி. அதுக்குத்தான் தட்டல் கொஞ்சம் கம்மி.

இதுவரைதான் நீங்க ரேடியோவில் கேட்டது. அப்புறம் மரண அறிவிப்பு நேரம் வந்துடுச்சு, எந்த ஊர்ல யார் செத்தாங்க, எந்த மாதா கோவில்ல அடக்கம்னு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சபை என்ன ஆச்சுன்னு நம்ம ஊருக்குத் தெரியாமப் போச்சு. ஆனது இதுதான். சபாநாயகர், "கொள்கையை ஆதரிப்பவர்கள் ஆம் என்க"ன்னார். கொறடா பின்னாலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். நம்ம பக்கம் மொத்தமும் "ஆம்"னு கத்துச்சு. அதுல ஒரு குரல் என்னோடது. நான் கத்தணும்னு நினைக்கலை அக்கா, வாய் அதுவாத் திறந்துடுச்சு. கொள்கை நிறைவேறிடுச்சு. கடற்கரை போயிடுச்சு.

டீ குடிக்கிற அறையில கொறடாவைப் பிடிச்சேன்.

"சார், நான் படிச்சது எதிர்ப்பு உரை."

"யாரை எதிர்த்து?"

"நம்மளை எதிர்த்து சார்!"

"அப்படியா? நல்ல குரல்யா உனக்கு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

மிஸ் ஓந்தீனிடம் போனேன். அந்த அம்மா கேக் தின்றுகொண்டே சொல்றாங்க, "கோப்புல சுற்றுலாக் கொள்கை உரைன்னு ஒண்ணுதான் இருந்துச்சு ராஜா. நாம எதிர்க்கட்சியா இருந்தப்ப, அவங்க இதே கொள்கையைக் கொண்டாந்தாங்க, அப்ப நம்ம தலைவர் பேசினது. தேதியை மட்டும் மாத்திக் கொடுத்தேன். ஏன், தேதி தப்பா?"

அதே கொள்கை, அதே கடற்கரை, அதே ஹோட்டல்காரன். உட்காருகிற பக்கம்தான் மாறியிருக்கிறது. அப்போது யார் எதை எதிர்த்தார்கள், இப்போது நான் யாரை எதிர்த்தேன், எதை ஆதரித்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. ஒன்று மட்டும் தெளிவு. தட்டினவர்களுக்கும் ஊளையிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அந்தப் பேச்சை முழுசாகக் கேட்டது நீங்கள்தான். அதனால்தான் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எல்லாரையும் மணலில் உட்காரவைத்து, நான்தான் "ஆம்" என்று கத்தினேன் என்று சொல்லப்போகிறேன். பதவியை ராஜினாமா செய்கிறேன். ஹோட்டல்காரனின் மண் தள்ளும் இயந்திரம் வந்தால் அதன் முன்னால் முதல் ஆளாக நான் படுப்பேன். அத்தானிடம் படகை ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம் என்று சொல். யாருமே நகர்த்தக் கூடாது. எல்லாரும் சேர்ந்து நின்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அத்தானுக்கு வணக்கம். பாதிரியாரிடம் எனக்காக ஒரு பூசை வைக்கச் சொல்.

உன் பாசமுள்ள தம்பி,
கெர்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பிரதமரே கூப்பிட்டார். என் பேச்சுக்குத்தான் இந்தக் கூட்டத்தொடரிலேயே அதிகமாக மேஜை தட்டினார்களாம். நாளை முதல் நான் சுற்றுலாத் துறை துணை மந்திரி. என்ன சொல்வது என்று தெரியவில்லை, "ஆம்" என்றுவிட்டேன். அக்கா, மேலே எழுதியதை யாருக்கும் வாசித்துக் காட்டாதே. அடுத்த வளைகுடாவில் நாலைந்து படகுக்குத்தான் இடம் இருக்கிறதாம், மந்திரி ஆபீஸில் சொன்னார்கள். அத்தானை நாளைக்கே நம் படகை அங்கே கொண்டுபோய்க் கட்டச் சொல். யாராவது கேட்டால், பெயிண்ட் அடிக்க என்று சொல்லட்டும்.