இன்வெர்ட்டரைத் திருப்பி அனுப்புகிறேன்

உத்திரமேரூர்

என் அருமை மைத்துனன் மஹபூப் பாஷாவுக்கு, உன் அக்காள் கணவன் கிதர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வகிதாவும் நலம். புயலும் நலமாக வந்து நலமாகப் போய்ச் சேர்ந்தது. நீ அனுப்பிய இன்வெர்ட்டர்தான் எங்களை நலமாக இருக்க விடவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் கடிதம்.

"மச்சான், புயல் வருது, அந்த இருட்டுல அக்காவ வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? பெரம்பூருக்கு அனுப்பிடுங்க" என்றாய். நான் மறுத்ததும், ஒரு வார்த்தை கேட்காமல் இந்த மெஷினை அனுப்பிவிட்டாய். இத்தனை காலம் இங்கே மளிகைக்கடை நடத்தியவனுக்கு ஒரு புயலைச் சமாளிக்கத் தெரியாதா? தொட்டியை நிரப்பினேன், டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன், கரண்டு கம்பிமேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையையும் முன்யோசனையோடு வெட்டினேன். அது நேராகக் கம்பிமேலேயே விழுந்து தெரு முழுக்க இருட்டாகிவிட்டது. லைன்மேன் சுகுமார் வந்து கம்பியைச் சரிசெய்துவிட்டு, "இன்னா பாய், புயல் நாளிக்குத்தான வருது? அதுக்குள்ள நீங்க கரைய கடந்துட்டீங்களே!" என்றான். தெருவே சிரித்தது. அந்த ஆத்திரத்தில்தான் உன் மெஷினை மாட்டச் சொன்னேன், இல்லாவிட்டால் தொட்டிருக்கமாட்டேன்.

மறுநாள் புயலும் வந்தது, கரண்டும் போனது. வகிதா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். மெஷின் வீலென்று அலறியது. "மிக்ஸி போடாத" என்றேன். "எந்தம்பி குட்த்தத நா போடாம யார் போடுவா?" என்றாள். இதற்குள் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் தெருவே செல்போனும் சார்ஜருமாக உள்ளே வந்துவிட்டது. புயல் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் செல்போனில் தேடினார்கள். அது எங்கள் தலைக்குமேல்தான் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எல்லா ஃபேனும் சுற்ற, வகிதா டீ போட்டுத் தர, பேட்டரி மாலைக்குள் படுத்துவிட்டது. "இன்னா பாய், சின்ன பேட்டரியா வாங்கிக்கீறீங்க" என்று என்னையே குறை சொன்னார்கள். என் போனை மாட்ட மட்டும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது கரண்டு வந்துவிட்டது, பேட்டரியும் மறுபடி நிரம்பிவிட்டது. மெஷினைக் கழற்றிக் கயிறு கட்டிவிட்டேன், நாளை பார்சல் லாரியில் வரும். எங்களுக்கு டார்ச் போதும், தைரியம் போதும். உன் வீட்டார் எல்லோருக்கும் என் துஆ. அல்லாஹ் உனக்கு நல்ல ஆரோக்கியமும், கேட்காமல் பொருள் அனுப்பாத புத்தியும் தருவானாக.

இப்படிக்கு,
கிதர் முகம்மது

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டதும் மழை பிடித்துக் கரண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி, மகள் ஷீபாவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "பாய், புள்ளைக்கு மூச்சு இழுக்குது, ஆவி வெக்கிற மெஷினுக்கு கரண்டு இல்ல!" கயிற்றை நானே அறுத்தேன், நானே மாட்டினேன். பிள்ளை இப்போது எங்கள் கட்டிலில் சீராக மூச்சுவிட்டுத் தூங்குகிறது. மெஷின் வராது. இதைவிடப் பெரிய பேட்டரியாக ஒன்று உடனே அனுப்பு. ஆனால் மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் அடிக்கப்போவதில்லை.